அன்னபூரணி போன கடல்

1938 ஓகஸ்ட் முதலாம் திகதி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்துக்குள் ஒரு பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்பது அதன் பெயர். நீளம் 89 அடி. அதை ஓட்டிவந்த மாலுமிகளில் ஐந்து பேர் தமிழர். ‘பொஸ்ரன் குளோப்’ பத்திரிகை அந்த வரவைச் செய்தியாக எழுதியது. அந்த அமெரிக்கப் பெயர் பிற்காலத்தில் வைத்த பெயர். பிறந்தபோது அது அன்னபூரணி. 1930ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான வல்வெட்டித்துறையின் கடற்கரை மணலில், கப்பல் கட்டும் தச்சரான சுந்தரமேத்திரியாரின் கைக்கணக்கில், வேப்பமரம் கொண்டு கட்டியது.

அதைச் சரக்குக் கப்பலாகத்தான் கட்டினார்கள். அரிசி மூட்டை ஏற்ற, ஓடு ஏற்ற, பனஞ்சலாகையும் புகையிலையும் ஏற்ற. அந்த ஊர்க் கரையில் அப்போது அப்படிப்பட்ட கப்பல்கள் எத்தனையோ நின்றன. அவற்றில் ஒன்று மட்டும் ஓர் அமெரிக்கரின் கண்ணில் பட்டு, அவருடைய சொந்தப் பயணக் கப்பலாகி, அவர் மனைவியின் பெயரைச் சூட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்விட்டது. போனதால் அதன் கதை நிலைத்தது. போகாமல் கரையிலேயே உழைத்த மற்றக் கப்பல்கள் பெயரும் இல்லாமல் போய்விட்டன. வயது ஏற ஏற என் நினைவு போய் நிற்பது அந்த மற்றக் கப்பல்களிடந்தான்.

எங்கள் ஊரில் அன்னபூரணியின் கதை தெரியாத வீடு இல்லை. சின்ன வயதில் அதை நான் அப்புவின் வாயால் கேட்டேன். மற்றவர்கள் கதையை அமெரிக்காவில் தொடங்குவார்கள். அப்பு மரத்தில் தொடங்குவார். “மோனை, கப்பல் கடலிலை பிறக்கிறேல்லை. ஆற்றையேன் வளவுக்கை, தோட்டக் கரையிலைதான் பிறக்கிறது. எந்த வேம்பு எந்த இடத்திலை வளையுது எண்டு மேத்திரிக்குத் தெரியோணும்” என்பார். கப்பலின் வயிற்றுக்கு வங்கு வேண்டும். வங்கு என்பது கப்பலின் முதுகெலும்பான ஏராவிலிருந்து இருபுறமும் விலா எலும்பாக எழும்பும் வளைந்த கட்டை. நேர்மரத்தை வளைவாக அறுத்து வங்கு செய்தால் பலம் இராது. மரம் தானாக வளைந்த இடத்தில் அந்த வளைவோடு அறுக்க வேண்டும். அப்போதுதான் நார் அறாமல் முழு நீளத்துக்கும் ஓடும். அதனால் மேத்திரிமார் மழைக்காலத்திலேயே ஊர் ஊராகப் போய் வேம்பையும் இலுப்பையையும் பார்த்து விலை பேசி வைப்பார்களாம். ஒரு கோணல் மரத்தைக் கண்டால் மற்றவர்கள் விறகு என்று நினைப்பார்கள், மேத்திரி அதில் பின்னணியத்து மூன்றாம் வங்கைக் காண்பார் என்று அப்பு சொல்லுவார்.

வரைபடம் கிடையாது. கடதாசியில் ஒரு கோடு இல்லை. ஏராக் கட்டையை மணலில் கிடத்தி, நாள்பார்த்துப் பூசை செய்து, அணியத்துக் கட்டையையும் பின்கட்டையையும் நிறுத்திவிட்டால் மிச்சக் கணக்கு மேத்திரியின் தலைக்குள் இருந்து வரும். கயிறு, தூக்குக்குண்டு, முழக்கோல் இவ்வளவுதான் கருவி. 89 அடிக் கப்பல் ஒன்றை இப்படிக் கட்டுவதற்கு என்ன மனக்கணக்கு வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெற்றுக் கப்பலாக நிற்கும்போது அது எவ்வளவு மிதக்கும், அரிசி ஏற்றினால் எவ்வளவு தாழும், ஓடு ஏற்றினால் பாரம் எங்கே விழும், சோழகக் காற்றில் பாய் விரித்தால் எந்தப் பக்கம் சாயும், சாய்ந்தது எப்படி நிமிரும் என்பதெல்லாம் கட்டும்போதே தெரிந்திருக்க வேண்டும். கடலில் இறக்கிய பிறகு திருத்த முடியாது.

அப்பு மேத்திரி அல்ல. இளம் வயதில், பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலைக்குப் போனவர். பிறகு தோணிகளில் போனார். கலப்பத்து அடிப்பதை அவர் எனக்குக் காட்டியது எங்கள் பின்வளவில், ஒரு பழைய வள்ளத்தின் வயிற்றில். பஞ்சைத் தொடையில் வைத்து உருட்டி நீளத் திரியாக முறுக்குவார். இரண்டு பலகைகள் சேரும் இடுக்கில் திரியை வைத்து, அதன் மேல் தட்டையான கலப்பத்து உளியைப் பிடித்து, கொட்டாப்புளியால் அடிப்பார். முதல் அடிகளில் சத்தம் அமுங்கி வரும். திரி இடுக்கின் அடியில் போய் இருக்க இருக்கச் சத்தம் கெட்டியாகும். கடைசியில் மரமும் பஞ்சும் ஒன்றாகி, உளி துள்ளித் திரும்பும். அப்போது நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓரடி அடித்தால் பலகை விலகும். ஓரடி குறைந்தால் நடுக்கடலில் தண்ணீர் ஊறும். கண்ணை மூடிக்கொண்டு காதால் செய்யும் வேலை அது. “பார்க்காதை, கேள்” என்று என் தலையைக் குனிய வைத்துப் பலகையில் காதை வைக்கச் சொன்னார். பிறகு குங்கிலியத்தைத் தூளாக்கி எண்ணெயில் காய்ச்சி அந்த இடுக்கின் மேல் இழுத்தார். அந்தப் புகையின் மணம் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணம். குங்கிலியம் புகைகிற இடத்தில் நின்றால் எனக்கு இன்றைக்கும் சாமி நினைவு வருவதில்லை, அந்த வள்ளத்தின் வயிறுதான் வருகிறது.

தண்ணீருக்குக் கீழே நிற்கும் பாகத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவார்கள். கடற்புழு மரத்தைத் துளைக்காமல் இருக்க அதுதான் காப்பு. அணியத்தின் இரு பக்கத்திலும் கண் வைப்பார்கள். மதராஸ் அரசாங்கத்தின் மீன்பிடித் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தியக் கரையோரப் படகுகளைப் பற்றி 1920இல் எழுதிய ஆய்வில் யாழ்ப்பாணத் தோணிகளையும் அவற்றின் கண்களையும் பதிந்து வைத்திருக்கிறார். அந்தக் கண் இல்லாமல் கப்பல் வழி பார்க்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கப்பல் இறக்கும் நாளில் ஊரே கரைக்கு வரும். தேங்காய் உடைபடும். உருளைக் கட்டைகள் போட்டு, வடம் பிடித்து, தேர் இழுக்கிற அதே கைகள் கப்பலையும் இழுக்கும். அது தண்ணீரைத் தொட்டு முதல் முறை ஆடி நிற்கிற நேரத்தில் மேத்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார் அப்பு. கப்பல் ஒரு பக்கம் சரியாமல் நேராக நின்றுவிட்டால் மட்டுந்தான் அவர் வாயில் வெற்றிலை போடுவாராம்.

இவ்வளவும் ஓடு ஏற்றவும் அரிசி ஏற்றவுமான ஒரு கப்பலுக்கு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அழகுக்காக அந்தக் கப்பல்களில் ஒரு பலகைகூட வைக்கவில்லை. அணியம் கூர்த்து எழும்பியது சோழகத்து அலையை வெட்ட. வயிறு அகன்றது மூட்டை அடுக்க. இரண்டு மரமும் பாயும் அந்த அளவில் நின்றது, கோடிக்கரைக்கும் நாகபட்டினத்துக்கும் ஒரு காற்றில் போய் இன்னொரு காற்றில் திரும்ப. எங்கள் கரையிலிருந்து கோடிக்கரை சுமார் 60 கிலோமீட்டர். கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்ற நான்கு காற்றும் அந்தக் கப்பல்களின் தலைவர்களான தண்டையல்மாருக்கு வீட்டு ஆட்களைப் போலப் பழக்கம். பர்மா அரிசிக்காக வங்காள விரிகுடாவைக் கடப்பவர்கள் காற்றுத் திரும்பும்வரை அங்கே தங்கி, திரும்பிய பிறகு வருவார்கள். வேலைக்குப் பொருத்தமாக இருந்ததால் அழகாக இருந்தன அந்தக் கப்பல்கள். அந்த அழகைத்தான் வெளியூரான் ஒருவன் வந்து கண்டுபிடித்தான்.

வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் சாதாரண உல்லாசி அல்ல. கடலை உண்மையாக அறிந்தவர். 1928இல் தொடங்கி 1931 வரை, ‘ஸ்வாப்’ என்ற முப்பத்திரண்டரை அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தவர். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளில் அதுதான் மிகச் சிறியது என்று பெயர் எடுத்தது. பிறகு புளோரன்ஸ் கிறேன் என்ற பெண்ணை மணந்தார். சிக்காகோவில் குழாய்களும் தண்ணீர்க் கருவிகளும் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய ரிச்சர்ட் கிறேனின் மகள். கப்பலின் பெயரில் உள்ள ‘சி’ என்ற எழுத்து அந்தக் குடும்பப் பெயர். இருவரும் ஸ்வாப்பில் கலாபகஸ் தீவுகளுக்குப் போயிருந்தபோது, 1934இல், ரொபின்சனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த மீன்பிடிக் கப்பல் ஒன்று கம்பியில்லாத் தந்தி அனுப்ப, பனாமாவிலிருந்து அமெரிக்க விமானங்கள் மருத்துவரோடு பறந்து வந்து உயிரைக் காத்தன. ஆள் பிழைத்தார். ஸ்வாப் கைவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகுதான் இலங்கைக் கரை. அன்னபூரணியை அவர் வாங்கினார்.

உல்லாசக் கப்பல் வாங்க அவருக்கு இடமில்லாமல் இல்லை. கிறேன் குடும்பத்தின் மாளிகை இருந்த இப்ஸ்விச்சுக்குப் பக்கத்திலேயே உலகத்தின் பேர்பெற்ற கப்பல் கட்டும் ஊர்கள் இருந்தன. பணக்காரருக்குச் சொகுசுப் படகுகள் வரைந்து கொடுக்கிற பொறியியலாளர்கள் பொஸ்ரனில் வரிசையாக இருந்தார்கள். அவர்கள் வரைந்த படகுகளில் பலவும் பழைய வேலைக் கப்பல்களின் சாயலைத் தேடி வரைந்தவைதாம். காசு உள்ளவர்கள் ஆசைப்பட்டது மீனவனின் கப்பலையும் சரக்குக்காரனின் கப்பலையும் போன்ற ஒன்றை. ரொபின்சன் சாயலைத் தேடவில்லை, அசலையே வாங்கினார். அவர் செய்ததில் எனக்குக் குறை இல்லை. ஒரு சரக்குக் கப்பலில் உலகத்தரமான கடற்கலத்தைக் காணும் கண் அவருக்கு இருந்தது. நம்மவர்களில் படித்தவர்கள் எத்தனை பேருக்கு அந்தக் கண் இருந்தது? யாழ்ப்பாணத்துப் படிப்பு கிளாக்கர் உத்தியோகத்தைப் பார்த்தது, அப்புக்காத்துக் கதிரையைப் பார்த்தது. கரையில் கப்பல் கட்டிய கையை அது அறிவு என்று எண்ணவில்லை. அந்தக் கை செய்ததை எழுதி வைக்கவும் இல்லை.

1937இல் கப்பல் புறப்பட்டது. அதில் போன ஊரவர்கள் ஐவர். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, அவரோடு சிதம்பரப்பிள்ளை, சபாரத்தினம், சுப்பிரமணியம், இரத்தினசாமி. தண்டையலைத் தவிர மற்றவர்கள் எல்லாம் இளந்தாரிகள். கொழும்பிலிருந்து ஏடன், செங்கடல், சுவெஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ற்றர், பேர்மியூடா, குளொஸ்ரர். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 9,000 கடல் மைல். இந்தப் பயணத்தில் எல்லோரும் அட்லாண்டிக்கைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். அப்புவின் தோழர்களான பழைய தண்டையல்மார் செங்கடலைத்தான் பேசுவார்கள். அந்தக் கடலின் வடபாதியில் வருடம் முழுவதும் வடக்குக் காற்று அடிக்கும். வடக்கே போகிற பாய்க்கப்பலுக்கு அது நேரே முகத்தில் அடிக்கிற காற்று. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடலைக் குறுக்கே வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். இரு கரையிலும் பவளப்பாறை. ஒவ்வொரு திருப்பத்திலும் பாயை மாற்ற வேண்டும், தாமான் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கோடிக்கரைக்கு ஓடு ஏற்றப் போய்ப் பழகிய கைகள் அந்தக் கடலை வென்று ஏறின.

அவர்களுக்கு அங்கே குளிர்ந்ததா, கோதுமை ரொட்டி தின்றார்களா, குளொஸ்ரரில் இறங்கியபோது என்ன உடுத்திருந்தார்கள் என்றெல்லாம் சிறுவர்களாகிய நாங்கள் அப்புவைக் கேட்போம். அவர் பதில் சொல்லமாட்டார். “கப்பலிலை தண்ணி ஊறேல்லை. அதைக் கேள்” என்பார். அவருக்கு அதுதான் முக்கியம். வல்வெட்டித்துறைக் கரையில் அடித்த கலப்பத்து இரண்டு பெருங்கடலைத் தாங்கியது. அதைவிட வேறு என்ன பெருமை ஒரு கலப்பத்துக்காரனுக்கு வேண்டும்?

அன்னபூரணி போய்ச் சேர்ந்த இடம் அதைப் படிக்கத் தெரிந்த இடம் என்பதும் எனக்கு ஆறுதல். குளொஸ்ரர் பழைய மீன்பிடித் துறைமுகம். பக்கத்து ஊரான எசெக்ஸ் தலைமுறை தலைமுறையாக அதற்கு மரக்கப்பல் கட்டிக் கொடுத்த ஊர். அன்னபூரணி எங்கள் மணலில் உருவான அந்தக் காலத்திலேயே, 1930இல், எசெக்ஸில் ‘கேர்ட்ரூட் எல். தீபோ’ என்ற பாய்க்கப்பல் கடலில் இறங்கியது. மீன்பிடிக் கப்பல்தான். ஆனால் அதை வரைந்தவர் பிராங்க் பெய்ன், உல்லாசப் படகுகள் வரைகிற பொறியியலாளர். பணம் போட்டவர்களில் முதல்வர் கோடைகாலத்தில் குளொஸ்ரருக்கு வந்து தங்குகிற செல்வரான லூயி தீபோ, கப்பலுக்கு வைத்தது அவர் மனைவியின் பெயர். கனடாவின் ‘புளூநோஸ்’ என்ற மீன்பிடிக் கப்பலைப் பந்தயத்தில் வெல்வதற்காகவே அதைக் கட்டினார்கள். பந்தயக் காலத்தில் பந்தயம், மற்றக் காலத்தில் கொட் மீன். சொகுசுப் படகின் உடம்பில் உழைக்கும் கப்பல் ஒன்று அந்தப் பக்கம். உழைக்கும் கப்பலின் உடம்பில் ஒரு செல்வனின் பயணக் கப்பல் இந்தப் பக்கம். இரண்டுக்கும் இரண்டு சீமாட்டிகளின் பெயர். இரண்டுமே பாய்க்கப்பலின் காலம் முடிகிற நேரத்தில் பிறந்தவை. அன்னபூரணி குளொஸ்ரருக்குப் போன அதே வருடம் ஒக்ரோபரில்தான் தீபோவும் புளூநோஸும் கடைசி முறை மோதின. புளூநோஸ் வென்றது.

அந்த இரண்டு கப்பல்களும் இப்போது இல்லை. புளூநோஸ் 1946இல் ஹெயிட்டிக் கரையிலும், தீபோ 1948இல் வெனிசுவேலாவிலும் உடைந்தன. ஆனால் கனடா தன் பத்துச் சத நாணயத்தில் புளூநோஸைப் பொறித்து வைத்திருக்கிறது. 1963இல் அதே அச்சில் இன்னொரு கப்பலும் அங்கே கட்டி மிதக்க விட்டார்கள். ஒரு மீன்பிடிக் கப்பலை ஒரு நாடு தன் காசில் வைத்துப் போற்றுகிறது. தொரொன்ரோவில் தேத்தண்ணிக் கடையில் மிச்சக் காசு வாங்கும் எங்கள் பிள்ளைகள் கையில் அந்தக் கப்பல் தினமும் புழங்குகிறது. அவர்கள் பூட்டனார் ஓட்டிய கப்பலின் பெயர் அவர்களுக்குத் தெரியுமா?

எங்கள் கப்பல்கள் எப்படிப் போயின என்பது நீண்ட கதை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு பர்மா அரிசி நின்றது. பெரிய கப்பல்களின் வேலையில் பாதி அன்றைக்கே முடிந்தது. போருக்குப் பிறகு இயந்திரப் படகுகள் வந்தன. கடலில் நீராவிக் கப்பலும் தரையில் ரயிலும் லொறியும் முன்பே வந்திருந்தன. அதைவிடப் பெரிய அடி, ஒரே கடலின் இரு கரையும் இரு நாடானது. முன்பு கோடிக்கரைக்குப் போவது பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவது. கடவுச்சீட்டும் விசாவும் சுங்கமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்த பிறகு, தலைமுறையாகச் செய்த வியாபாரத்துக்குக் கடத்தல் என்று பெயர் விழுந்தது. உண்மையில் கடத்தியவர்களும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு வேண்டியது வேகமான சின்னப் படகு. இரண்டு மரமும் நிறைய ஆளும் வேண்டிய பெரிய பாய்க்கப்பலுக்கு அங்கே இடமில்லை. பழசானவை கரையில் ஏறின. மறுபடி இறங்கவில்லை.

நான் கண்டது அந்தக் கரையேறிய காலத்தை. ஒரு கப்பலின் வங்குகள் மணலுக்கு மேலே வரிசையாக நின்றன, பலகை கழன்று. அதற்குள் நாங்கள் ஒளித்துப் பிடித்து விளையாடினோம். இரும்பாணி பிடுங்கிக் கடலைக்காரரிடம் கொடுத்து அச்சு வெல்லம் வாங்கினோம். அந்தக் கப்பலின் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. பெரியவர்களும் சொல்லவில்லை. அவர்கள் அதைக் கடந்து போகும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. 1964 டிசம்பர்ப் புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல், வடபகுதி முழுவதையும் உலுக்கிப் போன பிறகு அந்த வங்குகளும் அங்கே இல்லை. வேம்பு நன்றாக எரியும். யாரோ அடுப்பெரிக்கக் கொண்டுபோயிருப்பார்கள்.

அப்பு அதற்குப் பிறகு கரைக்குப் போவதைக் குறைத்துவிட்டார். தைப்பொங்கலுக்கு எங்களுக்குப் பட்டம் கட்டித் தருவார். இன்றைக்கு வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கலைக்குப் பின்னால் கப்பல்காரரின் கை இருக்கிறது என்பது என் எண்ணம். எவ்வளவு வளைத்தால் மூங்கில் காற்றைப் பிடிக்கும், முச்சையை எங்கே கட்டினால் பட்டம் குத்தாது, வால் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அப்பு பார்த்த பார்வை பாய் கட்டுகிறவனின் பார்வை. விண் பூட்டிய பட்டத்தை வாடைக் காற்றில் ஏற்றிவிட்டு நூலை என் கையில் தருவார். விண் கூவும். அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்து, “காத்து கொஞ்சம் திரும்புது” என்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பும். கடலுக்குப் போகாத கடலோடிக்கு அந்த நூல் ஒன்றுதான் மிச்சம்.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் தோணிக் கணக்குக் கொப்பிகள், ஓடு ஏற்றிய துண்டுகள், ஒரு கலப்பத்து உளி, கப்பல் ஒன்றின் மேல்தட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கிற மங்கிய படம் ஒன்று. அந்தக் கொப்பிகளில் கப்பல்களின் பெயர்கள் இருந்தன. எந்தக் கப்பலில் எந்த மாதம் யார் யார் போனார்கள், எவ்வளவு கூலி, எவ்வளவு சரக்கு. உள்நாட்டுப் போரில் வல்வெட்டித்துறை 1987இலும் எரிந்தது, 1989இலும் எரிந்தது. எங்கள் வீடும் எரிந்தது. உளியின் இரும்பு மட்டும் சாம்பலுக்குள் கிடந்தது. அப்பு அதற்கு முன்பே கண் மூடிவிட்டார், அந்த ஒரு துயரம் அவருக்கு இல்லை. எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றுதான் எரிந்தது என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஊர் முழுவதும் அப்படிப்பட்ட பெட்டிகள் இருந்தன. எரியாமல் தப்பியவற்றை இடப்பெயர்வு சிதறடித்தது. கரையோரம் மிஞ்சியிருந்ததை 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கொண்டுபோனது.

ஆகையால் அன்னபூரணியை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும். அதை அமெரிக்கப் பத்திரிகை எழுதியது. அதனால் அதன் நீளம் தெரிகிறது, போன வழி தெரிகிறது, அதில் போன ஐந்து பேரின் பெயர்கள் தெரிகின்றன. ஊரும் அதை மறக்கவில்லை. பக்கத்தில் அதே மேத்திரியின் கையில், அதே வேம்பில், அதே கண்ணோடு பிறந்த கப்பல்களில் வாழ்நாள் முழுவதும் அரிசி சுமந்தவை உண்டு, பஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சோறு போட்டவை உண்டு. அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. நடுக்கடலில் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லை. அவர்கள் வீடுகளில் திவசம் கொடுக்கிறவர்கள் இருக்கும்வரைதான் அந்தப் பெயர்கள் இருந்தன.

அன்னபூரணி போய்ச் சேர்ந்த குளொஸ்ரரில் கடலைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு மழைச்சட்டையோடு நிற்கும் மீனவன். 1925இல் வைத்த சிலை. அதைச் சுற்றி வெண்கலத் தகடுகளில் அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். 5,368 பெயர்கள். பழைய பத்திரிகை, கோயில் பதிவு, கப்பல் கணக்கு, வீட்டுக் கடிதம் என்று தேடித் தேடிச் சேர்த்த பெயர்கள் அவை. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட இழப்பை ஓர் ஊர் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறது. அதைச் செய்யப் பெரிய அரசாங்கம் வேண்டியதில்லை. வீட்டில் இருப்பதை வெளியில் எடுக்கிற மனம் வேண்டும்.

வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை என்று எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், உங்கள் வீட்டில் ஒரு தோணிக் கணக்கு, ஒரு கப்பல் படம், நங்கூரம் விற்ற துண்டு, தண்டையல் ஒருவரின் கடிதம் இருந்தால் அதைப் பிரதி எடுத்து ‘நூலகம்’ போன்ற ஆவணகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாதவர்கள் ஒரு கொப்பி எடுங்கள். எண்பது தாண்டிய பெரியவர்கள் லண்டனிலும் பாரிசிலும் தொரொன்ரோவிலும் ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இருந்து, தகப்பனார் போன கப்பலின் பெயர் என்ன, கட்டின மேத்திரி ஆர், கூடப் போனவர்கள் ஆர் ஆர், திரும்பி வராதவர்கள் ஆர் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த வருடம் கேட்கலாம் என்று விடாதீர்கள்.